உல்லாசப் படகுக்கு எண்ணெய் ஊற்றிய படலம்

உல்லாசப் படகு என்பது உல்லாசத்துக்காக ஓடுவது என்றுதான் பொதுமக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீர் உல்லாசத் துறையில் அப்படியொரு தப்பெண்ணம் யாருக்கும் கிடையாது. படகு துறையின் சொத்து. சொத்து பராமரிக்கப்பட வேண்டியது. பராமரித்தது போக நேரம் மிஞ்சினால் ஓடட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

அந்தச் சொத்தைக் கட்டி மேய்த்தவர் படகுப் பிரிவுக் கண்காணிப்பாளர். ஏரிக்கரையில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். ஒரு வெள்ளைத் தொப்பி வைத்திருந்ததுதான் காரணம். மற்றபடி, முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மனிதருக்கு முகம் வெளுத்துவிடும்.

அவருக்கு வந்த சோதனை இதுதான். மெக்கானிக் எஞ்சினிலிருந்த பழைய எண்ணெயை வடித்துவிட்டு, புதுசு வந்தால் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். அதே வாரம் தலைமையகத்திலிருந்து தகவல் வந்தது. மாதக் கடைசியில் இயக்குநர் குடும்பத்தோடு சவாரிக்கு வருகிறார். படகு ஓடினால் சரி. ஓடாவிட்டால் பிரிவையே மூடிவிட்டு, கேப்டனை எங்காவது கண்காணாத ஊருக்குத் தூக்கியடித்துவிடுவார்கள். மகளுக்கோ பள்ளிக் கடைசி வருடம். இந்த நேரத்தில் ஊர் மாறினால் பெண்ணின் படிப்பு என்னாகும்? 

எந்த எண்ணெய் என்பதில் குழப்பமே இல்லை. படகு எஞ்சினுக்கென்றே தயாரித்த எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும் என்று எஞ்சின் மூடியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் எஞ்சின் மூடி துறையின் அதிகாரி இல்லையே. அது சொன்னதைக் கேட்டு நடந்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது? ஆகவே எண்ணெய்த் தேர்வுக் குழு முறைப்படி கூடியது.

ஸ்டோர் கீப்பர், இயக்குநரின் காருக்கு வாங்கியதில் மிச்சம் கிடக்கிறது, அதையே ஊற்றலாம் என்றார். கார் எண்ணெய் ஈரத்தைத் தாங்காது, எஞ்சின் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும் என்று கேப்டன் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தார். துணை இயக்குநர் சமீபத்தில்தான் இயற்கை வாழ்க்கைக்கு மாறியிருந்தார். செக்கில் ஆட்டியது கிடைக்குமா என்று கேட்டார். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு தன் கொலஸ்ட்ரால் இறங்கிய கதையையும் விரிவாகச் சொன்னார். எஞ்சினின் கொலஸ்ட்ராலைப் பற்றி உறுப்பினர்கள் கவலையோடு விவாதித்தார்கள்.

கடைசியில் கொள்முதல் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ ஆபத்து என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"எஞ்சின் ஆயில் வாகனத்துக்குத்தான் வாங்க முடியும். படகுக்குச் சக்கரம் இருக்கா?"

"இல்ல மேடம்."

"சக்கரம் இருந்தாத்தான் வாகனம். உங்க படகு மேசை நாற்காலியோட தளவாடத்துல வருது. நாற்காலிக்கு எதுக்கு எஞ்சின் ஆயில்னு தணிக்கையில கேட்டா நான் என்ன சொல்றது?"

குழு ஆடிப்போய்விட்டது. நாற்காலிக்கு எண்ணெய் ஊற்ற இருந்தோமே என்று துணை இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்க, கடையில ஒரு டப்பா வாங்கி நீங்களே ஊத்திட்டா என்ன?" என்றாள். கேப்டன் பதறிப்போனார். சொந்த எண்ணெயைத் துறையின் எஞ்சினில் ஊற்றுவதா? அவருக்கு முன்னால் இருந்தவர் இருட்டு தாங்காமல் சொந்த பல்பு ஒன்றை அலுவலகத்தில் மாட்டிவிட்டு, ஓய்வு பெறும்வரை விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். பெண்களுக்கு நிர்வாகம் எங்கே புரிகிறது என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தார்.

விடிந்ததும் அவருக்கு மூளை வேலை செய்தது. தளவாடத்துக்கு எண்ணெய் கிடையாது, சரி. ஆனால் சக்கரம் உண்டே! அலுவலகத்தில் பாதி நாற்காலி சக்கரத்தில்தான் உருளுகிறது. தளவாடத்துக்குச் சக்கரம் வேண்டும் என்று கேட்டார், உடனே கிடைத்தது. சக்கரம் மாட்டியதும் படகு வாகனமாகிவிட்டது. வாகனமானதும் எண்ணெய் வந்தது. அதுவும் மூடியில் போட்டிருந்த அதே எண்ணெய். கேப்டன் தன் கையாலேயே ஊற்றினார். எஞ்சின் ஒரே இழுப்பில் உறுமியது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இயக்குநர் வரும் நாள் காலையில் படகைச் சரிவை நோக்கி உருட்டிக்கொண்டு போனார்கள். ஏரிக் காவலாளி குறுக்கே வந்து நின்றார். பக்கத்தில் இயக்குநரே கையெழுத்திட்ட பலகை இருந்தது: வாகனங்களை ஏரியில் இறக்கக் கூடாது.

"யோவ், இது படகுய்யா" என்றார் கேப்டன்.

"சக்கரம் இருக்கே சார்."

சக்கரத்தைக் கழற்றிவிடலாமா என்று கொள்முதல் அதிகாரியைக் கேட்டார்கள். தாராளமாகக் கழற்றலாம், கூடவே எண்ணெயையும் வடித்து ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று பதில் வந்தது. அதற்குள் கார் வந்துவிட்டது. இயக்குநர், அவர் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார்கள்.  படகு ஏரிக்கரைச் சாலையில் நின்றுகொண்டிருந்தது.

இயக்குநரின் மனைவி படகையும் பார்த்தார், சக்கரத்தையும் பார்த்தார். "அப்பாடா, தண்ணியில இறங்க வேணாமா? எனக்கு ராத்திரியெல்லாம் அதே பயம்" என்றார்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. அப்புறம் என்ன, குடும்பமே மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. எஞ்சின் சத்தத்துக்காக ஓடியது. பின்னால் துறையே நின்று தள்ளியது. துணை இயக்குநர் மூச்சு வாங்கிக்கொண்டே, இது உடம்புக்கு ரொம்ப நல்லது என்றார்.

ரோட்டில் போன படகின் புகைப்படம் ஊரெங்கும் பரவியது. உலர் படகுச் சவாரி போகாதவன் மனுஷனா என்ற நிலைமை வந்தது. கட்டணம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. வரிசை ஏரியைச் சுற்றி வளைந்து நின்றது. ஒருவர் மட்டும், பக்கத்திலேயே இவ்வளவு தண்ணீர் கிடக்கும்போது அதில் ஓட்டினால் என்ன என்று கேட்டார். சும்மா வரிசையில் நில்லுங்கள் என்று எல்லோரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள். அவரும் நின்று, டிக்கெட் வாங்கி, படகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார். கேப்டனின் மகளும் தோழிகளோடு வந்து ஏறினாள்.

கேப்டன் நிம்மதியாக மூச்சு விட்டார். இனி யார் இந்தப் பிரிவை மூடப்போகிறார்கள்?

உண்மைதான், யாரும் மூடவில்லை. அடுத்த வாரம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அரிய சேவையைப் பாராட்டி, இதே சவாரியை வேறொரு ஊரில் தொடங்கிவைக்க உடனே புறப்பட வேண்டும் என்று உத்தரவு. ரயிலில் போனாலே ஒரு முழு நாள் ஆகும் ஊர்.

மனைவி உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தாள். உள்ளே மகள் அழுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"அங்க ஏரி இருக்கா?" என்று கேட்டாள் கடைசியில்.

"இல்ல" என்றார் கேப்டன். "ரோடு நல்லாயிருக்காம்."