வைப்பரும் சம்பந்தியம்மாவின் சபதமும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம். புதுக் கார் வாங்கிய கையோடு, பெரிய மனது பண்ணி நீங்கள் எங்கள் தலையில் கட்டிய பழைய கார் மட்டும் நலமில்லை. அதை நீங்கள் அறிய வேண்டும் என்ற ஆவலில்தான் இந்தக் கடிதம்.

விஷயம் வைப்பர். ஓடவில்லை என்று சொன்னால் பாவம், ஓடுகிறது. ஒரு பக்கம் போய், அங்கே கொஞ்சம் உட்கார்ந்து யோசித்து, மனசில்லாமல் திரும்பி வருகிறது. அதற்குள் மழையே நின்றுவிடுகிறது. உங்களிடம் சொன்னேன், வீடியோ காலில் வந்தீர்கள். கொட்டுகிற மழையில் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நீங்கள் ஏசி அறையில் காபியை உறிஞ்சிக்கொண்டே, "பிளேடு தேஞ்சிருக்கு மாமா, மாத்திடுங்க" என்றீர்கள். மாற்றினேன். புது பிளேடு, அதே நடை. "அப்போ பேட்டரி வீக்கா இருக்கும்" என்றீர்கள். அதையும் மாற்றினேன். ஹாரன் தெருவையே எழுப்புகிற மாதிரி அலறியது, வைப்பர் அசரவில்லை. "மோட்டார்தான் மாமா, இன்ஜினியர் நான் சொல்றேன்" என்றீர்கள். மெக்கானிக்கிடம் விட்டு மோட்டாரையும் மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. நீங்கள் கட்டுகிற பாலங்களின் மேல் இனி நான் போவதாக இல்லை.

இந்த லட்சணத்தில்தான் உங்கள் அம்மா, எங்கள் மதிப்புக்குரிய சம்பந்தியம்மா, சில நாள் தங்கிவிட்டுப் போக வந்தார். வந்த அன்றே ஜன்னலோரம் இருந்த என் நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார். டீவி ரிமோட்டைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இந்த வயசுல ரெண்டாவது காபி எதுக்கு சம்பந்தி?" என்று கேட்டு அதையும் நிறுத்தினார். எல்லாம் அன்புதான், நான் குறை சொல்லவில்லை. அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் தன் பாட்டுக்கு யோசிக்க, நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்ட, உங்கள் மாமியார் பின் சீட்டிலிருந்து "என்னங்க, லாரி! என்னங்க, லாரி!" என்று கத்த, கடைசியில் மீன் கடை வாசலில் இருந்த தொட்டியில் முட்டித்தான் வண்டி நின்றது. தொட்டி கவிழ்ந்தது. கதவைத் திறந்து இறங்கிய சம்பந்தியம்மாவின் புதுச் செருப்பு அந்தத் தண்ணீரில் முங்கியது. "என் பிள்ளை ஓட்டுனப்ப இது பம்பரமா சுத்துச்சு. அவன் சும்மா கொடுத்ததுங்கற இளக்காரம்தானே உங்களுக்கு? இந்த வைப்பர் ஒழுங்கா ஓடுற வரைக்கும் உங்க வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்!" என்று நடுத்தெருவில் சபதம் போட்டு, டாக்சி பிடித்துப் போயே போய்விட்டார்.

அன்றிலிருந்து உங்கள் மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தட்டு மேஜையில் வந்து விழுகிறது, அவ்வளவுதான். "நாளைக்கு நம்ம பொண்ணு அந்த வீட்ல எப்படித் தலை நிமிர்ந்து நிப்பா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து காரை ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதாகச் சொல்லி, அம்மாவைச் சமாதானப்படுத்தி அனுப்பிவையுங்கள். அவர் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

என் மகளுக்கு ஆசிகள். உங்கள் புதுக் காருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். இல்லாவிட்டால் அதுவும் இங்கேதான் வரும்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் மாமியார் தையல் மிஷின் எண்ணெயோடு காரிடம் போனார். வைப்பர் கை திரும்புகிற இடம் காய்ந்து இறுகிக் கிடந்ததாம். "மிஷின் இறுகினா எண்ணெய் விடுவாங்களா, மோட்டாரை மாத்துவாங்களா?" என்று என்னிடம் வாய் திறந்து கேட்டுவிட்டு, ரெண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்டினார். வைப்பர் பறக்கிறது! ஆகவே நீங்கள் வர வேண்டாம், கார் இங்கேயே இருக்கட்டும். ஆனால் அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். நாற்காலி மறுபடி ஜன்னலோரம் வந்துவிட்டது, இரண்டாவது காபியைக் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஐயோ, உள்ளே உங்கள் மாமியார் போனில் பேசுகிறார்: "வைப்பர் சரியாயிடுச்சு சம்பந்தியம்மா, நாளைக்கே வந்துடுங்க!" எண்ணெயைத் துடைத்தெடுக்க ஒரு பழந்துணி தேடிக்கொண்டிருக்கிறேன்.