கிளட்ச்சை மெதுவா விடு!

"பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு அப்படி என்னங்க பண்றீங்க, காலங்காத்தால?"

ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்ததும் சிவப்புப் பேனா துள்ளினார். தலை பானட்டில் இடித்தது.

"வண்டியைத் துடைக்கிறேன்!"

"உள்ளேயா?"

"உள்ளேயும் தூசி இருக்கும்ல?"

"ம், இருக்கும் இருக்கும்," என்றாள். ஜன்னல் மூடிக்கொண்டது.

சிவப்புப் பேனா என்பது அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர். இருபத்திரண்டு வருடமாக அங்கே மெய்ப்புத் திருத்துகிறார். அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி குறைந்தாலும் கண்ணில் பட்டுவிடும். வட்டம் போட்டு, ஓரத்தில் அம்புக்குறி போட்டு, அதுவும் போதாமல் எழுதியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார். "என் தப்புதான்" என்று அவர் வாயால் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் தப்பே செய்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

மூன்று மாதமாக மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வண்டி தெருமுனை வரை ஒழுங்காகப் போகும். அப்புறம் விக்கும், திணறும், மேடு வந்தால் நின்றே போகும். உடனே பக்கத்து சீட்டிலிருந்து கத்தல் கிளம்பும்: "கிளட்ச்சை மெதுவா விடு! எத்தனை தடவை சொல்றது? மெதுவா!" தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள் கூட அந்தக் காரைப் பார்த்தால் ஓரமாக ஒதுங்கி, "கிளட்ச்சை மெதுவா விடு!" என்று ஒரே குரலில் கத்துவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் லைசென்ஸ் டெஸ்ட். மேட்டில் வண்டி மூன்று தடவை நின்றது. அதிகாரி தாளில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் மனைவியின் கண் கலங்கியிருந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்மவர் சொன்னது இது: "நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, உனக்குக் கால் சரியில்லை."

மறுபடி டெஸ்ட் நாளைக் காலை ஒன்பது மணிக்கு.

நேற்று அச்சகத்தில் ஏதோ அவசரம். மூன்று மாதத்துக்குப் பிறகு அவரே காரை எடுத்தார். தெருமுனையில் வண்டி விக்கியது. மேட்டில் நின்றது. இருபது வருடம் ஓட்டிய கால், அதுவும் கிளட்ச்சை மெதுவாகத்தான் விட்டது. பிள்ளைகள் வேறு பார்த்துவிட்டார்கள். வண்டியை உருட்டாத குறையாக மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"சார், இதுல யாராவது எண்ணெய் தடவினாங்களா? சமையல் எண்ணெய் வாசனை வருதே?"

எண்ணெய் தடவினால் தூசியெல்லாம் ஃபில்டரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று எங்கோ ஒரு வீடியோவில் பார்த்து, மூன்று மாதத்துக்கு முன் சமையலறையிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் எடுத்துவந்து தாராளமாகப் பூசிய மகான், "யாரோ தடவியிருப்பாங்க," என்றார்.

"பேப்பர் ஃபில்டர்ல தடவவே கூடாது சார். அந்த எண்ணெய் காத்தோட போய் இந்த சென்சார்ல படிஞ்சிருக்கு. உள்ள எவ்வளவு காத்து வருதுன்னு இதுதான் அளந்து சொல்லணும், அதுக்கேத்த மாதிரிதான் பெட்ரோல் போகும். இது தப்பா சொல்லுது, வண்டி திணறுது. யார் ஓட்டினாலும் இப்படித்தான்."

"யார் ஓட்டினாலுமா?"

"யார் ஓட்டினாலும்." மெக்கானிக் அவர் முகத்தையே பார்த்தார். "கழட்டி வீட்லயே சுத்தம் பண்ணிடலாம் சார். உள்ள முடி மாதிரி ஒரு கம்பி இருக்கும், அதைத் தொடக் கூடாது. அதுக்குன்னு தனியா ஒரு ஸ்பிரே இருக்கு, அடிச்சுக் காயவிட்டா போதும். என்கிட்ட தீர்ந்துபோச்சு, திங்கக்கிழமை மத்தியானம் வந்துடும். அதுக்குள்ள வீட்ல சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"கோளாறு வண்டியிலதான்னு. நீங்க போடற சத்தம் இங்க வரைக்கும் கேட்கும் சார். பாவம், அவங்க கால்தான் தப்புன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க."

"சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்."

எப்படிச் சொல்வது? மூன்று மாதக் கத்தலையும் ஒரே நாளில் திரும்ப வாங்க முடியுமா? ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து ஒரு திட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமையே சென்சாரைச் சத்தமில்லாமல் சுத்தம் செய்துவிட வேண்டியது. நாளைக்கு வண்டி வழுக்கிக்கொண்டு போகும், மனைவி பாஸாகிவிடுவாள். "பார்த்தியா, கடைசியில கால் என் வழிக்கு வந்துச்சு!" என்று சொல்லிவிடலாம். அந்த வசனத்தைக் கண்ணாடி முன் நின்று ஒரு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

சென்சாரைப் பிடித்திருந்தது இரண்டே ஸ்க்ரூ. ஆனால் தலையில் நட்சத்திரம் மாதிரி பள்ளம். வீட்டிலிருந்த எந்த ஸ்க்ரூடிரைவரும் பொருந்தவில்லை. நகவெட்டியால் முயன்றதில் ஒரு ஸ்க்ரூவின் தலை பாதி வழுக்கிப் போனது, இவருடைய நகமும் ஒன்று போனது.

"இது உதவுமா பாருங்க." மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர். "லேப்ல மெஷினைத் திறக்கிறது. நேத்து பையிலேயே வந்துடுச்சு."

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்தியதே தெரியாமல் குத்திவிடுவாள் என்று அங்கே பெயர். ரிசல்ட் வரும்வரை யார் துருவிக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

"துடைக்கிறதுக்கு ஸ்க்ரூடிரைவரா?" என்று அசடு வழிந்தார்.

"எனக்கென்ன தெரியும்? ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, உள்ளதான் இருக்கேன்."

"சொல்ல என்ன இருக்கு?"

"அதுவும் சரிதான்," என்று போய்விட்டாள்.

கட்டைவிரல் அளவு சென்சார் வெளியே வந்தது. அதை ஒரு துண்டில் சுருட்டிக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தாழ்ப்பாள் போட்டார். வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே மெல்லிய கம்பியைச் சுற்றிப் பிசுபிசுவென்று அழுக்கு.

ஸ்பிரேக்கு எங்கே போவது? யோசித்தார். ஸ்பிரே சீக்கிரம் காய்ந்துவிடும். கை கழுவும் சானிடைசரும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆகவே இரண்டும் ஒன்று! இப்படி ஒரு வாதத்தை வேறு யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால் சிவப்பு மையிலேயே குளிப்பாட்டியிருப்பார். தன் வாதமாயிற்றே, அப்படியே ஏற்றுக்கொண்டார்.

சானிடைசர் கூழ் மாதிரி விழுந்து, கம்பியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. ஊதினார், உதறினார். அது இறங்கி வருவதாக இல்லை. அதைக் கழுவ இன்னொன்று வேண்டும். அலமாரியில் மனைவியின் சென்ட் புட்டி இருந்தது. அது ஸ்பிரேயேதான்! புஸ், புஸ், புஸ்...

"என்னங்க, என் சென்ட் வாசனை தெரு வரைக்கும் போகுதே?"

"நான்தான் போட்டுக்கிட்டேன்!"

"குளியலறைக்குள்ளயா? யார் வராங்க?"

பலமாக இருமினார். கூழ் பாதி கரைந்தது. மீதியை எடுக்கக் காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்தார். தொடக் கூடாது என்று மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது. விரலால்தானே தொடக் கூடாது, பஞ்சால் தொடலாமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கூழ் போய்விட்டது. பஞ்சிலிருந்து ஓர் இழை பிரிந்து, உள்ளே ஒட்டிக்கொண்டது. இப்போது உள்ளே முடி மாதிரி இரண்டு இருந்தன. ஒன்று பஞ்சு இழை, மற்றது கம்பி. மனைவி புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்து, மூச்சைப் பிடித்து, ஒன்றை மெதுவாக இழுத்தார்.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

ஒரு புள்ளி குறைந்தால் கண்டுபிடிக்கும் கண், இரண்டில் தப்பானதைப் பிடித்து இழுத்துவிட்டது. பஞ்சு பத்திரமாக உள்ளே இருந்தது.

என்ன செய்வார்? சென்சாரைப் பழையபடி காரில் மாட்டினார். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது, அடங்கியது, மறுபடி உறுமியது, செத்தது. எதிரே மஞ்சள் நிறத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. எவ்வளவு முறைத்துப் பார்த்தும் அணையவில்லை. கடைசியில் கறுப்பு டேப்பில் சின்னத் துண்டு கிழித்து விளக்கின் மேல் ஒட்டினார். மற்றவர் தப்பைச் சுற்றி வட்டம் போட்டே காலம் தள்ளியவர், தன் தப்பின் மேல் டேப் ஒட்டிய நாள் அது.

நாலு மணிக்கு மனைவி வந்து ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன். இதென்ன, டேப்பு?"

"அது... வெளிச்சம் உன் கண்ணைக் கூசக் கூடாதுன்னு."

"எனக்காகவா? பரவாயில்லையே!"

வண்டி வாசலைத் தாண்டவில்லை. குலுங்கியது, கனைத்தது, ஒரு முழம் நகர்ந்து நின்றது. மறுபடி எடுத்தாள். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அவர் வாய் பழக்க தோஷத்தில் தானாகத் திறந்தது.

"கிளட்ச்சை மெதுவா விடு!"

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி திரும்பி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபம்கூட இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி உள்ளே போனாள். அவரும் பின்னாலேயே ஓடினார். சாவியை மேசை மேல் வைத்தாள்.

"நாளைக்கு இந்த வண்டியில டெஸ்ட்டுக்குப் போகலை. என் கால்தானே சரியில்லை?"

அவர் அவள் காலைப் பார்த்தார். இந்தக் காலையா மூன்று மாதமாகத் திட்டினோம்? டெஸ்ட்டில் தோற்று வந்த அன்று அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் கண் முன்னால் வந்தது. வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்தார்.

"அது வந்து..."

"சொல்லுங்க." அவள் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நின்றாள்.

"அது வந்து... டீ போடட்டுமா?"

"வேண்டாம்," என்று உள் அறைக்குப் போய்விட்டாள்.

வண்டி சரியானால்தான் எல்லாம் சரியாகும் என்று அவருக்குத் தோன்றியது. முதலில் வண்டியைச் சரிசெய்து நிறுத்திவிட்டு, அப்புறம் நிதானமாக, முடிந்தால், சொல்லிக்கொள்ளலாம். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓட்டமாக ஓடினார்.

மெக்கானிக்குக் கடையை ஒட்டியே வீடு. பனியனோடு வந்து ஷட்டரைப் பாதி தூக்கினார். உள்ளே வந்தவரை முகர்ந்து பார்த்தார்.

"என்ன சார், சென்ட் எல்லாம் பலமா இருக்கு?"

"அதை விடுங்க. சென்சார்ல கம்பி அறுந்துபோச்சு."

"தொட்டீங்களா?"

"பஞ்சாலதான்."

மெக்கானிக் கண்ணை மூடித் திறந்தார்.

"திட்டணும்னா அப்புறமா திட்டுங்க," என்றார் சிவப்புப் பேனா. "இப்ப எனக்குப் புது சென்சார் வேணும். எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க, எவ்வளவு தூரமானாலும் நான் போறேன். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு டெஸ்ட். அவ போகமாட்டேன்னு சொல்லிட்டா. அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க, எல்லாம் நான் தடவின எண்ணெய்!"

"யாரோ தடவினாங்கன்னு சொன்னீங்க?"

"நான்தான்!"

சொல்லிவிட்டார். உலகம் அப்படியேதான் இருந்தது. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். மேல் தட்டில் கை விட்டு ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார். புத்தம்புது சென்சார்.

"இருக்கா! நேத்தே இருந்துச்சா? ஏன்யா சொல்லலை?"

பாய்ந்து போய்ப் பெட்டியைத் திருப்பினார். மேலே ஒரு வெள்ளை லேபிள், ரத்தக் குப்பிகளில் ஒட்டுவது போல. அதில் அவர் கார் நம்பர். கீழே மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி, டெஸ்ட்டில் தோற்றதற்கு மறுநாள். குண்டு குண்டாக, ஒரு பிழையும் இல்லாத கையெழுத்து. தினமும் பார்க்கிற கையெழுத்துதான்.

"இது..." என்று கை நீட்டினார்.

மெக்கானிக் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்கிட்ட சொன்னது கணக்குல வராது சார். அந்தத் தேதியிலேயே அவங்க வண்டியைக் கொண்டுவந்து காட்டி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டாங்க. நாளைக்கு டெஸ்ட்டுக்கு அவங்களுக்கு என் வண்டி இருக்கு, மூணு வாரமா அதுலதான் ஓட்டிப் பழகறாங்க, மேட்டுல ஒரு தடவைகூட நின்னதில்லை. இந்தப் பெட்டியை மட்டும், நீங்களா அவங்க முன்னாடி நின்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் கொடுக்கக் கூடாதுன்னு உங்க வீட்டம்மா உத்தரவு."