திட்டு மிஸ்ஸியின் பெஞ்சு

இலங்கையின் ஊவா மலைகளில் ஆண்களைத் தலைகுனிய வைத்ததில் தோட்டத்தை ஆளும் பெரிய துரைக்கு அடுத்தபடி திட்டு மிஸ்ஸியைத்தான் சொல்ல வேண்டும். பெரிய துரையாவது ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடுவார்.

எழுபதுகளில், ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த நர்ஸ் அவர். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். நோவெடுத்த பெண்ணைப் படுக்க விடமாட்டார், நடக்க வைப்பார். "அம்மா" என்று கத்தவும் விடமாட்டார்.

"உங்கம்மா என்ன செஞ்சா, பாவம்? புருஷன் பேரச் சொல்லித் திட்டு. மூச்ச நல்லா விட்டுத் திட்டு."

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிய பெண்கள். "அவன் ஆயுசுக்கு நான் பொறுப்பு" என்பார் மிஸ்ஸி. சன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு. புருஷன் அதில் உட்கார்ந்து ஒவ்வொரு திட்டுக்கும் "ஆமாங்க" சொல்ல வேண்டும். குரல் இறங்கினால் மிஸ்ஸி சன்னலில் தலையை நீட்டுவார். காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி வேலைக்கு ஆள் பிரிக்கும்போது எல்லாரையும் நடுங்க வைக்கிற கங்காணி, பிள்ளைத்தாச்சிக்கு வைத்திருந்த கருப்பட்டியைத் திருடித் தின்றதுவரை அந்தப் பெஞ்சில் ஒத்துக்கொண்டார். மறுநாள் பெரட்டில் யாரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் வீட்டில் பிள்ளை வரவிருந்தது.

என் மனைவி ராமாயியின் முறை வந்தது. எங்கள் முதல் பிள்ளை அதே அறையில், அதே மிஸ்ஸியின் கையில், அழாமலே போய்விட்டது. இதுவும் அப்படியாகிவிடுமோ என்ற பயத்தில் ராமாயி பேச்சையே குறைத்துவிட்டிருந்தாள். நோவெடுத்தும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வராத திட்டுக்கு நான் பெஞ்சில் உட்கார்ந்து முன்கூட்டியே இரண்டு "ஆமாங்க" சொல்லி வைத்தேன்.

மிஸ்ஸி வெளியே வந்தார். "என்னய்யா, திட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாம என்னத்த குடும்பம் நடத்துற? அவ இப்படி மூச்சப் புடிச்சிக்கிட்டே இருந்தா பிள்ளைக்கு ஆகாது."

"நான் குடிக்கிறதுகூட இல்லீங்க மிஸ்ஸி" என்றேன். அதற்காக நான் வெட்கப்பட்டது அன்று ஒருநாள்தான்.

உள்ளே போய் அவளை விடாமல் நச்சரித்தார். நட, மூச்சு விடு, திட்டு, நட. கடைசியில் ராமாயி வாயைத் திறந்தாள். திட்டு எனக்கில்லை.

"சும்மா இரு மிஸ்ஸி. நீ ஒண்ணு பெத்திருந்தா ஒனக்குத் தெரியும்."

தோட்டத்தில் அதுவரை யாரும் மிஸ்ஸியை 'நீ' என்றதில்லை. நான் எழுந்தே நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து மிஸ்ஸியின் குரல் பணிவாகக் கேட்டது.

"ஆமாங்க."

ராமாயி விடவில்லை. மிஸ்ஸியின் தலைத் தொப்பியிலிருந்து கால் சப்பாத்துவரை வைதாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆமாங்க", நடுவே "முக்கு", மறுபடி "ஆமாங்க". அப்புறம் பிள்ளை அழுதது.

துணியில் சுற்றிய பிள்ளையோடு மிஸ்ஸி வெளியே வந்தார். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"கொஞ்சம் இருய்யா. இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும். கேட்டுக்கிட்டு இருக்கேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரைப்போல் எனக்குப் பிடித்த மனுஷி இன்றுவரை வேறு யாருமில்லை. ராமாயிக்கும் அது தெரியும்.