ரெண்டாங்கியரும் சின்னத்தாயியின் குதிரையும்

மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஜீப்பு டிரைவர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் போடிக்காரர். அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஜீப்பு ஸ்டாண்டில் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால், அவரே வந்து "அப்பிடி இங்கிட்டு யாரும் இல்லையே" என்று சொல்லியிருப்பார். ஊருக்கு அவர் ரெண்டாங்கியர்.

அந்தப் பழைய ஜீப்புக்கு மொத்தமே மூன்று கியர்தான். அதில் ஒன்றை அவர் புதுச்சேலை மாதிரி மடித்து வைத்துவிட்டார். போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் விடிந்ததும் கிளம்பும். மலையடிவாரத்து முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி, போடிமெட்டைத் தொட்டு, பூப்பாறைப் பக்கம் இறங்கும். மற்ற வண்டிகள் ஆளை இறக்கிவிட்டு வந்து அடுத்த லோடு ஏற்றும் நேரத்தில், எங்கள் ஆள் பாதி மலையில் வண்டியை ஓரங்கட்டி, பின்சீட்டில் நடக்கும் மாமியார் மருமகள் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பயந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் கதை கேட்க வேண்டும். வேகமாகப் போனால் இஞ்சின் இரைச்சலில் கதை காதில் விழாது. அதனால் மெதுவாகப் போவார். விஷயம் இவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு பெரியவர் தன் பங்காளிச் சண்டையைப் பாதி சொல்லிவிட்டு முந்தலில் இறங்கித் தோட்டத்துக்குள் போய்விட்டார். ரெண்டாங்கியர் வண்டியை நிறுத்தி இஞ்சினையும் அணைத்துவிட்டார். பெரியவர் தண்ணீர் பாய்ச்சி முடித்துத் திரும்பி வந்து, அண்ணன்காரன் வரப்பை வெட்டினானா இல்லையா என்று சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பியது. இத்தனைக்கும் உள்ளே ஒரு கல்யாண வீட்டுக் கோஷ்டி இருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலையெடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

"இதுக்குப் பேசாம சினிமா பாக்கலாம்ல தம்பி" என்று எங்கள் அம்மா ஒருதடவை கேட்டார்.

"சினிமாவுல நாம ஒண்ணு கேட்டா பதில் சொல்ல மாட்டான்க்கா" என்றார் அவர்.

இந்த மனிதரின் வண்டியில் நான் போய் ஏறியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அந்தக் கோடையில் எங்கள் அப்பா பலாமரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். மேலே எங்களுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. களையெடுக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு அம்மா தினமும் போக, துணைக்கு நானும் போனேன். இன்னொன்று, எங்கள் இங்கிலீஷ் டீச்சர்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். முழுப்பரீட்சை முடிந்த அன்று, மதுரையிலிருந்து புதிதாக வந்திருந்த டீச்சர் வகுப்பு மூலையில் இருந்த மர அலமாரியைத் திறந்தார். அதுவரை அதற்குள் எலி குடியிருப்பதாகத்தான் நம்பியிருந்தோம். உள்ளே இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள்.

"லீவுல ஆளுக்கு ஒண்ணு படிக்கணும். ஸ்கூல் தொறந்ததும் அந்தக் கதைய உங்க சொந்த வார்த்தைல எழுதிட்டு வரணும். அதுபோக, நீங்களா கற்பனை பண்ணி ஒரு கதையும் எழுதணும். ரெண்டும் இங்கிலீஷ்ல" என்றார் டீச்சர். கோடை லீவில் வேலை வைத்த முதல் மனுஷி என்பதால் வகுப்பு மொத்தமும் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தது.

முன்வரிசையில் உட்கார்ந்த பாவத்துக்கு எனக்குக் கிடைத்தது உள்ளதிலேயே தடியான புத்தகம். அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பின்னால் ஒரு குதிரை, அதற்கும் பின்னால் ஒரு பெரிய வீடு. அதை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் அம்மாவுக்கும் ரெண்டாங்கியருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். வண்டி முந்தலைத் தாண்டவில்லை, அவர் கண் புத்தகத்தில் விழுந்துவிட்டது.

"ஏந்தாயி, அது என்ன கதை?"

நான் படித்திருந்தது இரண்டே பக்கம். இரண்டிலும் மழை பெய்துகொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு இழவும் விளங்கவில்லை. இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். அம்மா வேறு, இங்கிலீஷ் படிக்கிற மகளைப் பெற்ற பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "ஒரு ஊர்ல மார்கரெட்டுன்னு ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அந்தப் பேரு வாயில நொழையல பாப்பா. சின்னத்தாயின்னு வச்சுக்குவமா?" என்றார் எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த பேச்சியக்கா.

இங்கிலாந்து தேசத்தில் சின்னத்தாயி அப்படித்தான் பிறந்தாள். அப்பா அம்மா இல்லாத பெண். பெரிய வீடு. வீட்டின் மேல் கண் வைத்த ஒரு சித்தப்பா. இவ்வளவும் அட்டைப்படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். ஆனால் கேட்கிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வீட்டைச் சுற்றி எத்தனை குழி நிலம், கிணறு உண்டா, குதிரைக்கு யார் தீனி வைப்பது என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள்.

"பட்டா யாரு பேருல இருக்கு?" என்றார் ரெண்டாங்கியர்.

"சின்னத்தாயி பேருலதான் அண்ணே."

"அப்பறம் என்னத்துக்கு அந்தப் பிள்ளை பயப்படுது?" என்று அவர் சித்தப்பாவின் மேல் உள்ள கோபத்தில் ஹாரனை அடித்தார். எதிரே வந்த லாரிக்காரன் பதறிப்போய் ஒதுங்கினான்.

நாலைந்து நாளில் கதை சூடுபிடித்தது. சித்தப்பா ஒரு ராத்திரி சின்னத்தாயியைக் கொட்டும் பனியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். ஒரு வளைவின் ஓரத்தில் ஜீப்பு நின்றது.

"பனின்னா, நம்ம மூணாறுப் பனி மாதிரியா?"

"அதவிட ஜாஸ்தி அண்ணே. முழங்கால் ஒசரத்துக்குக் கெடக்கும்."

அவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைக்கு ஒரு கம்பளி குடுத்துரு தாயி."

"பொஸ்தகத்துல கம்பளி இல்லையே அண்ணே."

"பொஸ்தகம் கெடக்குது. நீ குடு. குடுத்தாத்தான் வண்டி நகரும்."

பின்னாலிருந்து பேச்சியக்காவும் "குடுத்துரு பாப்பா, களை வெட்டப் போகணும்" என்றார். வழியில் ஒரு கிழவர் ஆட்டுக்கிடையில் படுத்திருந்ததாகவும், அவர் தன் கம்பளியைக் கொடுத்ததாகவும் சொன்னேன். வண்டி நகர்ந்தது. அம்மா என் காதோரம் குனிந்து, "நானும் பாக்குறேன், நீ பொஸ்தகத்தத் தொறக்கவே இல்லையேடி" என்றார். நான் நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

கியர்க் கம்பி என் முழங்காலை ஒட்டியே இருந்ததால் எனக்கு ஒன்று புரிந்துபோனது. சின்னத்தாயி அழுதால் வண்டி முதல் கியருக்கு வரும். சித்தப்பா பேசினால் இரண்டு. யாராவது செத்துவிட்டால் இறங்கிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருவார். இதனால் முன்பெல்லாம் தாமதமாகப் போன வண்டி இப்போது அநியாயத்துக்குத் தாமதமாகப் போனது.

அந்த ஜீப்பு ரெண்டாங்கியருக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். முதலாளி என்பார்கள். அவர் ஒருநாள் காலையில் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். எல்லாருக்கும் முன்னால், குரலை உயர்த்தாமல் பேசினார்.

"மத்த வண்டியெல்லாம் ரெண்டு நடை அடிக்குது. நீ ஒண்ணுக்கே நாக்குத் தள்ளுற. திங்கக்கெழமை நானே முன்னால ஏறி வர்றேன். மத்தவனுக்கு முந்தி வண்டி மேல போய்ச் சேரணும். இல்லையா, சாவியக் குடுத்துட்டு வேற சோலியப் பாரு."

ரெண்டாங்கியருக்கு வேறு சோலி தெரியாது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. "பாப்பா, இனிமே கதை வேணாம்த்தா" என்று மட்டும் சொன்னார். கதை இல்லாவிட்டாலாவது வேகமாகப் போவாரா என்றால் அதுவும் இல்லை. சின்னத்தாயி இந்நேரம் எங்கே இருப்பாள் என்ற யோசனையிலேயே ஓட்டி, முதல் கியரிலேயே பாதி மலை ஏறினார். அதுவரை ஆனதிலேயே பெரிய தாமதம் அன்றுதான்.

அப்போதுதான் அட்டைப்படத்தில் நின்ற குதிரை என் கண்ணில் பட்டது. அதை இதுவரை கட்டியே போட்டிருந்தேன். மறுநாள் அவர் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் அவிழ்த்துவிட்டேன்.

"சின்னத்தாயி குதிரையில தாவி ஏறுனா. சித்தப்பாவோட ஆளுக பின்னாலயே வர்றானுக."

என் முழங்காலுக்குப் பக்கத்தில் கம்பி அசைந்தது. கரகரவென்று ஒரு சத்தம். அந்த ஜீப்பு பிறந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் மூன்றாவது கியரைப் பார்க்கிறது என்று நினைக்கிறேன். வண்டி பாய்ந்ததில் பேச்சியக்காவின் தூக்குச்சட்டி மூடி பறந்து, கம்பங்கூழ் முழுக்க அம்மாவின் முதுகில் இறங்கியது. "அந்தக் குதிரைய நிப்பாட்டுடி" என்று அம்மா அலறினார். நான் குதிரையைத் தண்ணீர் குடிக்க விட்டேன். வண்டி தணிந்தது.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குச் சட்டம் போட்டார். "நேர் ரோட்டுல ஓட்டிக்கோ. வளைவு வந்தா குதிரை நடக்கணும். சொல்லிட்டேன்." பின்னாளில் நான் கதை எழுதுகிறவளாக ஆனேன்; எழுத்தில் எங்கே விரட்ட வேண்டும், எங்கே மூச்சுவிட வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது இந்தச் சட்டத்தில்தான். அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை வந்தது. முதலாளி முன்சீட்டில், அம்மாவுக்கு அந்தப் பக்கம், பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்தார். கடிகாரம் கட்டிய கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். ரெண்டாங்கியர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த மனுஷனின் சோற்றுக்கு இன்றைக்கு நான்தான் பொறுப்பு.

முந்தல் தாண்டியதும் ஆரம்பித்தேன். குதிரை, ஆறு, ஆற்றில் வெள்ளம், பின்னால் சித்தப்பாவின் ஆட்கள். நேர் ரோட்டில் பறந்தோம், வளைவில் நடந்தோம். முன்னால் போன ஜீப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டினோம். அதில் ஒரு டிரைவர் நம்ப முடியாமல் வண்டியையே நிறுத்திவிட்டுப் பார்த்தான். பேச்சியக்கா தூக்குச்சட்டியை முந்தானையால் இறுகக் கட்டிக்கொண்டு, "விடாத ஆத்தா, விரட்டு" என்றார்.

கணக்கு ஒரே இடத்தில்தான் தவறியது. போடிமெட்டுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கும்போதே குதிரை வீடு வந்து சேர்ந்துவிட்டது. பதற்றத்தில் கொஞ்சம் அதிகமாகவே விரட்டிவிட்டேன் போலிருக்கிறது. இனி ஓட இடமில்லை.

"வீடு வந்துருச்சு. வாசல்ல சித்தப்பா நிக்கிறாரு. வீட்டுச் சாவி அவரு கையில இருக்கு" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

"பெறகு?" என்று ஒரு குரல் கேட்டது. முதலாளி. கடிகாரம் கட்டிய கை எப்போதோ முழங்காலை விட்டு இறங்கியிருந்தது.

"சின்னத்தாயி அவரப் பாத்து..."

"என்னது? ஒண்ணும் கேக்கல. ஏம்ப்பா, கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்" என்று முதலாளி டிரைவரை அதட்டினார்.

ரெண்டாங்கியர் முதலாளியை ஒருமுறை பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக இரண்டாவது கியருக்கு வந்தார். நாங்கள் தாண்டி வந்த ஜீப்புகள் எல்லாம் ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போயின. முதலாளி அதைக் கவனிக்கவில்லை.

"சித்தப்பா சாவியக் குடுத்தானா, இல்லையா?" என்று ரெண்டாங்கியர் கேட்டார்.

எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. முதலாளியின் முகத்தைப் பார்த்து, "அது இன்னும் முடிவாகல அண்ணே" என்றேன்.

முதலாளி கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் பிள்ளை பாவம். குடுக்கச் சொல்லு" என்றார்.

சித்தப்பா சாவியைக் கொடுத்தார். போடிமெட்டுக்கு எல்லாருக்கும் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி இறங்கி ஒரு டீ குடித்தார், கீழே போகிற வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டார். சாவியைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வாரம் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "சித்தப்பன் அதுக்கப்பறம் திருந்துனானா?" என்று மட்டும் விசாரித்தார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் சின்னத்தாயியை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "இந்தக் கதை அந்தப் புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல வருது?"

"வரல டீச்சர்."

"அப்ப இது நீ கற்பனை பண்ணுன கதையா?"

"நான் மட்டும் பண்ணல டீச்சர். ஜீப்பே சேந்து பண்ணுச்சு."

புத்தகக் கதைக்குப் பூஜ்யம், கற்பனைக்கு வகுப்பிலேயே அதிகம் என்று மார்க் போட்டார். கூடவே, இந்தக் கோடைக்குள் அந்தப் புத்தகத்தை நிஜமாகவே படித்துவிட வேண்டும் என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார். கோடை முடிந்துவிட்டதே என்றேன், அடுத்த கோடை வரும் என்றார்.

அடுத்த கோடையில் அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். உள்ளேயும் பனி இருந்தது. அந்தப் பெண் அதில் செத்துப்போகிறாள். யாரும் அவளுக்குக் கம்பளி கொடுக்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, எழுதியவன் மேல் ஆத்திரமும் வந்தது.

சில வருஷம் கழித்து, கல்லூரி லீவில் அப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். அதே ஜீப்பு, அதே ஆள். தலை மட்டும் நரைத்திருந்தது. முந்தல் தாண்டியதும் கேட்டார்.

"ஏந்தாயி, அந்தப் பொஸ்தகத்தப் பெறகு படிச்சியா? நாம சொன்னாப்புலதான இருந்துச்சு?"

"அப்பிடியேதான் அண்ணே. கம்பளி கூட இருந்துச்சு" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் சிரித்தார். பின்னால் ஒரு பஸ்சு ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் கையை நீட்டி அதை முன்னால் போகச் சொன்னார். வண்டி இரண்டாவது கியரிலேயே ஏறியது. எனக்கும் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று இல்லை.