பதினேழாம் எலி

எலிகளிடமிருந்து அரிய நோயொன்று மனிதருக்குத் தொற்றக்கூடும் என்று மேலிடம் ஆழ்ந்து சிந்தித்ததன் பேரில், பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊரில் 'எலிவழி அரியநோய்த் தடமறிதல் மற்றும் புரிந்துகொள்ளுதல் சிறப்புப் பிரிவு' திறக்கப்பட்டது. பெயர்ப்பலகை வாசலைவிட நீளம். அதற்குப் பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை. நோயை அவர்கள் புரிந்துகொண்டார்களோ என்னவோ, அவர்களை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

மாதம் இருபது எலி பிடித்து, ரத்தம் எடுத்து, செயலியில் ஏற்ற வேண்டும் என்பது பொறுப்பு அலுவலர் ஹரிஹரசுதனுக்கு இடப்பட்ட ஆணை. சித்திரை வெயிலில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. எலி பிடிக்கும் கிட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், எலி இந்த வெடிப்பில் இறங்கி அடுத்த புஞ்சையில் ஏறி வேடிக்கை பார்க்கும். மாதக் கடைசியில் பதினாறுதான் தேறியது. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு நான் பிரதிக் கட்டோடு அங்கே போயிருந்தபோதுதான் சுப்புத்தாய் வந்தாள். அவள் புருஷன் செல்லத்துரை மக்காச்சோள மூட்டை அடுக்கும் கிட்டங்கியைப் பெருக்கியவன். எலிப்புழுக்கைத் தூசி அத்தனையும் அவன் மூக்கில்தான். நாலு நாளாகக் காய்ச்சல், மூச்சு வேறு இழுக்கிறது.

"சார், அவியளுக்கு அந்த எலி நோயா இருக்குமோன்னு பயமா இருக்கு. ரத்தத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"மனிதர் ரத்தம் எடுக்கணும்னா, அவருக்கு நோய் உறுதியாகியிருக்கணும்மா."

"உறுதியாக என்ன செய்யணும்?"

"ரத்தம் எடுக்கணும்."

படிவத்தில் அப்படித்தான் இருந்தது. பாவி, நான்தான் ஐந்நூறு பிரதி போட்டுக் கொடுத்தேன்.

"எலிக்கும் இப்படித்தானா சார்?"

"எலின்னா இன்னைக்கே வண்டி வந்து எடுத்துட்டுப் போயிரும். நாளைக்கு முடிவு."

"அப்ப அவியள எலின்னே எழுதிக்கிடுங்க."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார். முப்பதாம் தேதி. உடனே செல்போனை எடுத்தார்.

செயலி கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். வசிப்பிடம்: கிட்டங்கி. மீசை: உண்டு. பிடிபட்ட விதம்: தானே முன்வந்து. வால் என்ற இடத்தில் 'இதுவரை தென்படவில்லை' என்று அவரே பதிந்தார். எடை ஐம்பத்தெட்டு கிலோ என்றதும் செயலி சிவந்தது.

"கிராம்னு போட்டுருவோம்," என்றார்.

அன்று சாயங்காலமே செல்லத்துரை ரத்தம் எலி வண்டியில் ஏறியது. மறுநாள் முடிவு வந்தது: நோய் உறுதி. சுப்புத்தாய் அந்தத் தாளோடு புருஷனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா 'எலி எண் 17' என்பதைப் படித்தார், செல்லத்துரை மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் ஆக்சிஜன் வைத்தார். அதனால்தான் அவன் பிழைத்தான். அந்த மகராசி நல்லா இருக்கட்டும்.

இங்கே நோயுள்ள எலியைக் கண்டுபிடித்தார் என்று ஹரிஹரசுதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆனால் நோய் உறுதியான எலியை மூன்று நாளுக்குள் புதைத்துப் படம் ஏற்ற வேண்டும் என்பது விதி. மண்வெட்டியும் சுண்ணாம்புத் தூளுமாக அவர் செல்லத்துரை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. சும்மா ஒரு குழி. ஒரு போட்டோ."

"உசுரோட இருக்க மனுசனுக்கா குழி வெட்ட வந்தீரு?" என்று விளக்குமாற்றைத் தூக்கினாள், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக வந்திருந்த சுப்புத்தாய்.

தப்பித்து ஓடியவர் கிட்டங்கிக்குள் போய்த் தூசி பறக்க வெறுங்குழி வெட்டி, மூடி, படம் ஏற்றினார். அறிக்கை போயிற்று: 'நோயுற்ற எலி அழிக்கப்பட்டது. மனிதர் எவருக்கும் பாதிப்பில்லை. இவ்வூர் நோயற்ற ஊர்.' நோயற்ற ஊருக்கு மருந்து எதற்கு என்று கிட்டங்கியில் ஒரு சொட்டுகூடத் தெளிக்கவில்லை. அங்கே மூட்டை இறக்கியவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். நானும் கோழிக்குச் சோளம் வாங்க அங்கேதான் போயிருந்தேன்.

இன்று காலையிலிருந்து பிரிவு வாசலில் வரிசை. எல்லார் கையிலும் எலிப் படிவம், எல்லாம் என் கடைப் பிரதி. எனக்கும் நேற்றிலிருந்து உடம்பு கொதிக்கிறது. நான் இருபத்து மூன்றாவது எலி.

எனக்கு முன்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியவர் திரும்பினார். ஹரிஹரசுதன்.

"அண்ணாச்சி," என்று என் படிவத்தை எட்டிப் பார்த்தார், "வாலுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"