வலது மேலறையின் கீழ்வாசல்

மனித இதயத்தின் வலது மேலறையில் ஆதிகாலந்தொட்டு இருந்துவந்த கட்டுமானக் குறைகள் அனைத்தும் இந்த வருடம் ராஜபாளையத்தில் களையப்பட்டுவிட்டன என்பதை மனித குலத்துக்குப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். களைந்தவர் பஞ்சாலை அதிபர் உயர்திரு காசிராஜன் அவர்கள். அருகில் நின்று தலையாட்டியவன், அவரது அறக்கட்டளை மருத்துவமனையின் விழாக்குழுச் செயலாளராகிய அடியேன்.

இதய தினத்துக்கு என்ன செய்யலாம் என்று குழு கூடியது. இலவசப் பரிசோதனை நடத்தலாம் என்றார் டாக்டர் வெங்கடேஸ்வரி. "அதை எவன் போட்டோ எடுப்பான்?" என்று கேட்டேன். ஆகவே பொதுமக்கள் உள்ளே நுழைந்து பார்க்கிற அளவுக்கு ஒரு வலது மேலறையைச் சிமெண்டில் கட்டுவது என்று 'ஏகமனதாக' முடிவாயிற்று. முழு இதயம் கட்ட இடமில்லை. இந்த ஓர் அறைக்கே, எக்கோ எடுக்கும் அறையைக் காலி செய்து, இதயத்தைப் படமாகக் காட்டும் அந்த மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடி வராந்தாவில் நிறுத்த வேண்டியதாயிற்று.

விழா நாளன்று அதே வராந்தாவில், காசிராஜன் அய்யாவின் மில்லில் வேலை பார்க்கும் பாண்டிச்செல்வம் தன் மகள் இந்துவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். சின்னப் பிள்ளை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. இதயத்தில் ஓட்டை இருக்கலாம், எக்கோ எடுத்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"எப்பம் சார் எடுப்பிய? சேத்தூர்ல இருந்து வாரதும் போறதுமா இருக்கோம்."

"ஏம்ப்பா, இதயத்துக்குத்தான விழாவே நடக்கு? செத்த நேரம் பொறுக்க மாட்டியா?" என்றேன். இதைவிடப் பரிவாகப் பேச எனக்குத் தெரியாது.

அய்யா வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தருவித்த பால்கோவா வழங்கப்பட்டது; இதய தினமல்லவா? டாக்டர் விளக்கத் தொடங்கினார்.

"இந்த அறைக்கு ரெண்டு பெரிய வாசல்ங்க. தலை, கையில இருந்து வர்ற ரத்தம் மேல்வாசல் வழியா இறங்கும். வயிறு, கால்ல இருந்து வர்றது கீழ்வாசல் வழியா ஏறும். நாம இப்ப கீழ்வாசல் வழியா நுழையப் போறோம்."

அய்யா அப்படியே நின்றுவிட்டார்.

"நான் கீழ்வாசல் வழியா நுழையணுமாக்கும்?"

குழு ஏணி தேடி ஓடியது. ஏணி வந்தது. அய்யா மேல்வாசல் வழியாக இறக்கப்பட்டார். அவருடைய வயிறு மட்டும் வாசலில் சற்று யோசித்தது. நாங்கள் கீழே நின்று கைதட்டி அதற்கு ஊக்கமளித்தோம்.

உள்ளே அவர் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. முன்சுவரில் சீப்புப் பல்லைப்போல வரிவரியாக இருந்த தசைகளைத் தடவிப் பார்த்தார். "பூச்சு வேலை பாதியில நிக்கு. டைல்ஸ் ஒட்டுங்க." பக்கத்து மேலறையைப் பிரிக்கிற சுவரில் ஒரு குழி. "இது எந்தக் கொத்தனாரு பாத்த லச்சணம்?"

"அது குறையில்லைங்க. தாய் வயித்துல இருக்கறப்ப அது திறந்த வழி. பிறந்ததும் மூடிக்கிட்டு, குழி மட்டும் நிக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த இடத்துல ஓட்டை இருக்கும். வெளிய ஒரு பிள்ளை..."

"திறப்பு விழாவுல ஓட்டை ஒடசல்னு பேசலாமாம்மா?" என்று அய்யா கருணையுடன் கண்டித்தார். பிறகு அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கேள்வியைக் கேட்டார்.

"அப்பம், தலையில இருந்து வார ரத்தமும் கால்ல இருந்து வார ரத்தமும் ஒரே ரூம்லயா சேருது?"

"ஆமாங்க. இங்க கலந்துதான் கீழறைக்குப் போகும்."

"கலந்தா?" அய்யாவின் முகம் சுண்டியது. "நம்ம பக்கம் அப்படி வழக்கம் கிடையாதே."

"எல்லாப் பக்கமும் அப்படித்தாங்க."

"அவிய அவிய ஊர்ல எப்படியும் இருந்துக்கிடட்டும். இங்க நடுவுல ஒரு சுவரு எழுப்புங்க. கீழ்வாசல அடைச்சிருங்க."

"அடைச்சா ஆள் செத்துருவான்ங்க."

"சிமெண்டு எங்கயாவது சாகுமா?"

கரவொலி அடங்க நேரமாயிற்று. தொடங்கி வைத்தவன் நான்தான்.

அந்த நேரம் பார்த்துப் பாண்டிச்செல்வம் பிள்ளையோடு கீழ்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டான். இந்துவின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"டாக்டரம்மா, பிள்ளைக்கு ரொம்ப இழுக்கும்மா! அந்த மெஷின எங்கயாவது சொருகிப் பாத்துச் சொல்லுங்கம்மா. ஓட்டை இருக்குன்னா மதுரைக்குத் தூக்கிட்டு ஓடிருதேன்."

அய்யா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இவன் எந்த வழியா உள்ள வந்தான்?"

"கீழ் வழியாத்தான்யா."

"பாத்தீரா? இதுக்குத்தான் அடைக்கச் சொன்னேன்."

டாக்டர் வெங்கடேஸ்வரி தன் கழுத்தில் கிடந்த விழாக்குழு அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார். "உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லையா சார்?" என்றார். விழாவில் கேட்கிற கேள்வியா இது? பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கீழ்வாசல் வழியாகவே வெளியேறித் தன் காரில் மதுரைக்குப் போய்விட்டார். பாண்டிச்செல்வமும் பின்னால் ஓடினான். விழா நன்றியுரையுடன் இனிதே நிறைவுற்றது.

இந்துவுக்கு ஓட்டை இருந்ததாம். மதுரையில் அடைத்துவிட்டார்களாம். இப்போது தெருவில் ஓடுகிறாளாம். தலை ரத்தமும் கால் ரத்தமும் அவளுக்குள் இன்னும் ஒரே அறையில்தான் கலக்கின்றனவாம். என்ன செய்வது, பழைய டிசைன்.

எங்கள் அறை அய்யா சொன்னபடியே முடிந்தது. நடுவே சுவர், பளபளவென்று டைல்ஸ், கீழ்வாசல் அடைப்பு. கீழிருந்து ஓர் எறும்பு ஏற முடியாது. கிருஷ்ணன்கோவிலிலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருத்திதான் ஏணியில் ஏறி இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்படி இருந்தா மனுசங்க உயிரோடவே இருக்க முடியாதே சார். இது யாரோட இதயம்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. வாசலில் 'மனித இதயம்' என்றிருந்த பலகையைக் கழற்றிவிட்டு, 'உயர்திரு காசிராஜன் அவர்களின் இதயம்' என்று எழுதி மாட்டினேன். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.