ஒன்பது விநாடி மௌனம்

பியானோவுக்கு முதல் கோட்டு பெயிண்ட் பாதி ஏறியிருந்தபோது பெங்களூரிலிருந்து போன் வந்தது.

"ஜெரால்ட் சார், வசீம் பேசறேன். நாளைக்கு மத்தியானம் பியானோவை வாங்க வந்துடுவேன். ஒரே ஒரு வேண்டுகோள். அதைத் துடைக்கக்கூட வேண்டாம். மாஸ்டர் காலத்துத் தூசி அது. அப்படியே இருக்கட்டும்."

ஜெரால்ட் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு சொட்டு கறுப்பு, வெள்ளைக் கட்டை ஒன்றின் மேல் விழுந்தது.

"தொட்றதே இல்ல சார். சாமி மாதிரி வச்சிக்கினு கீறோம்" என்றார்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ராயபுரத்துக் கப்பல் பெயிண்டர். சர்வேக்கு ஆள் வருகிறான் என்றால் துருவைச் சுரண்டி, இரண்டு கோட்டு அடித்து, கப்பலை மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவது முப்பது வருஷத்துப் பழக்கம். யாராவது எதையாவது பார்க்க வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கை தானாகப் பிரஷ்ஷைத் தேடும்.

போனை வைத்ததும் தின்னரை எடுத்து, அடித்த பெயிண்டைத் துடைத்தார். பெயிண்ட் வந்தது. கூடவே பழைய பாலிஷும் வந்தது. பியானோவின் முன்பாதி வெயிலில் தோல் உரிந்த முதுகு போல ஆயிற்று.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி ஹெப்சிபா, சமையலறை வாசலில் நின்று. "சொம்மா கெடந்தத சொறிஞ்சி வுட்டாச்சா?"

"உப்புக் காத்துன்னு சொல்லிக்கலாம், வுடு."

அது சாதாரணப் பியானோ இல்லை. கச்சேரி மேடைகளில் இருக்குமே, நீளமாய், வாலோடு, அந்த ரகம். கூடத்தில் அது போக மிச்சமிருந்த இடத்தில்தான் குடும்பம் நடந்தது. வால் வாசலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பூப்போட்ட விரிப்பு, விரிப்பின் மேல் குழந்தை இயேசு, ரேஷன் கார்டு, கரண்ட் பில். மதியம் சாப்பிட்ட பிறகு ஜெரால்ட் அதன் அடியில் பாய் விரித்துப் படுப்பார். துறைமுகத்திலிருந்து கூட்ஸ் வண்டி போகும் போதெல்லாம் உள்ளே கம்பிகள் யாரும் தொடாமலே மெல்ல முனகும். மதியத் தூக்கத்தில் அந்த முனகல் கேட்டால், கடலே வீட்டுக்குள் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டதுபோல அவருக்கு இருக்கும். அந்தச் சுகத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கும் போவதில்லை.

அது பியானோ மேதை ஜோதிநாதன் மாஸ்டரின் பியானோ. அப்படி ஜெரால்ட் சொன்னார். தெருவில் ஒருவர்கூட நம்பவில்லை.

எண்பத்தாறில் மாஸ்டர் கோயிலுக்குப் பின்னாலிருந்த திடலில் வாசித்தார். மேடை போட்டது ஜெரால்டின் அப்பா, துறைமுகத்துக் கிரேன் டிரைவர் அருள்பிரகாசம். கிரேன் அளவு தெரிந்தவருக்குப் பியானோ அளவு தெரியவில்லை. மேடை சின்னதாகப் போய், பியானோவின் வால் பின்திரைக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. கடல் காற்றில் உள்ளே மணல் விழும் என்று மாஸ்டர் மேல் பலகையைத் திறக்காமலே வாசித்தார். மறு மாதம் வெளிநாடு கிளம்பியவர், "அருளு, இதை நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கேயே காலமாகிவிட்டார். காகிதம் இல்லை, போட்டோ இல்லை. வாய்ச்சொல்லைக் கேட்டிருந்த அப்பாவும் இப்போது இல்லை.

காசிமேட்டில் ஒருமுறை திமிங்கிலம் தன்னைப் பார்த்துக் கண்ணடித்ததாக ஜெரால்ட் சின்ன வயதில் சொல்லி வைத்திருந்தார். அன்று ஒட்டிய பெயர் 'கப்ஸா ஜெரால்ட்'. டீக்கடையில் பியானோ கதையை ஆரம்பித்தாலே, "திமிங்கிலமும் கச்சேரிக்கு வந்துச்சா மாமு?" என்பார்கள். சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தபின் வலிக்கும். ஐம்பது வயதாகிவிட்டது. ஒரே ஒரு ஆள், வெளியூர் ஆளாக இருந்தாலும் சரி, 'ஆமாம், இது அதுதான்' என்று சொல்லிவிட்டால் போதும். விற்பது அதற்காகத்தான். காசெல்லாம் அப்புறம்.

ஒரு மணி நேரம் கழித்து வசீம் மறுபடி கூப்பிட்டார்.

"சார், கேட்க மறந்துட்டேன். அந்த ரீங்காரம் அப்படியே இருக்கில்ல?"

"எந்த...?"

"என்ன சார், நீங்களே கேக்கறீங்க! ராயபுரம் கச்சேரி ரெக்கார்டிங்ல, நாற்பத்தி மூணாவது நிமிஷம். நடுவுலேர்ந்து வலப்பக்கம் ஏழாவது வெள்ளைக் கட்டை. அதைத் தொடும்போதெல்லாம் ஒரு அதிர்வு கூடவே வருமே. நாலு தடவை வரும். அப்புறம் ஒன்பது விநாடி மௌனம். அந்த மௌனத்துக்கு அப்புறம் அதே ஸ்வரம் சுத்தமா வரும். ஒரு ஆத்மா தன்னைக் கழுவிக்கிற இடம்னு மாஸ்டர் ரசிகர்கள் நாங்க சொல்லுவோம். அந்த ஒன்பது விநாடிக்கு நாங்க வருஷா வருஷம் கூடி, கண்ணை மூடி உட்காருவோம் சார்."

"ஆமா சார். கீது சார்."

"அது இருந்தா வேற அத்தாட்சியே வேண்டாம்."

ஜெரால்ட் போய் ஏழாவது கட்டையைத் தட்டினார். கணீரென்று, கோயில் மணிபோல வந்தது. மறுபடி தட்டினார். இன்னும் சுத்தமாக வந்தது.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கச்சேரியின்போது பன்னிரண்டு வயது ஜெரால்ட் மேடைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் கை தட்டியபோதுதான் எழுந்தார். அவர் கேட்டதெல்லாம் கனவில் கேட்டதுதான். அந்தக் கனவில் ரீங்காரம் இருந்ததா என்று இப்போது யோசித்தால், திமிங்கிலம்தான் ஞாபகம் வந்தது.

மூலக்கொத்தளத்திலிருந்து ஆர்மோனியம் ரிப்பேர் அலி அக்பர் வரவழைக்கப்பட்டார். பியானோவுக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் கீது ஜெரால்டு."

"அதான் பேஜாரு! ஏழாவது கட்ட மட்டும் கெட்டுப்போவணும். கிர்ர்னு சத்தம் வரணும்."

அலி அக்பர் தலையை வெளியே எடுத்தார். "நாப்பது வருசமா ரிப்பேர் பண்றேன். கெடுக்கச் சொல்லி ஒருத்தனும் கூப்டதில்ல."

"நீ மொத ஆளா செய்யி, நைனா."

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கம்பிக்கிடையில் செருகினார்கள். ஏழாவது கட்டை கணீர். பக்கத்துக் கட்டை இரண்டும் இருமின. ஊக்கு போட்டார்கள். ஊக்கு உள்ளே விழுந்து, எங்கோ போய், எட்டுக் கட்டைகளைச் சேர்த்துக் கவ்விக்கொண்டது. ஹெப்சிபாவின் ஹேர்பின்னை வைத்து அந்த ஊக்கை எடுக்கப் போக, ஹேர்பின்னும் உள்ளேயே தங்கிவிட்டது. ஜெரால்டின் கண் சுவரிலிருந்த ஜெபமாலை மேல் போனது.

"கை வச்சுப் பாரு" என்றாள் ஹெப்சிபா.

கை வைக்கவில்லை. பதிலாகச் சைக்கிள் பெல்லின் மூடி, மீன் முள், பழைய பிளேடு என்று வரிசையாக உள்ளே போயின. மதியத்துக்குள் பியானோவில் கிர்ர் என்றது பதினாறு கட்டை, டொக் என்றது இருபது, ஒன்றுமே சொல்லாதது ஒன்பது. ஏழாவது வெள்ளைக் கட்டை மட்டும் அத்தனை கலீஜுக்கும் நடுவே கணீரென்று, அன்றைக்குத்தான் பிறந்ததுபோல ஒலித்தது.

"இத்த கெடுக்க முடியாது ஜெரால்டு" என்று அலி அக்பர் கருவிகளைப் பையில் போட்டார். "நல்ல ஜாதி."

அப்போது வாசலில் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் வந்து நின்றார். எர்ணாவூரில் வெகுகாலம் இருந்துவிட்டு, மகளோடு இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறு மாதம்தான். சாயங்காலமானால் கடற்கரைப் பக்கம் சுண்டல் விற்பார். இடுப்பில் அலுமினியக் குண்டான் இருந்தது.

"இன்னா நைனா, காலைலேர்ந்து சத்தம்? மேஸ்திரி வேல நடக்குதா?" என்று குண்டானைப் பியானோவின் வால் மேல் இறக்கப் போனார்.

"மேல வைக்காத! மேஜையில்ல அது!" என்று ஜெரால்ட் கத்தினார்.

"நாலு காலு கீது, மேல பூப்போட்ட துணி கீது. மேஜைன்னுதான் தோணுது."

"மூணு காலு! நல்லா எண்ணு!"

வியாகுலம்மாள் எண்ணிப் பார்த்துவிட்டு, குண்டானை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதியம் வசீம் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். மாஸ்டரின் சீப்பு, மாஸ்டரின் மூக்குக் கண்ணாடி, மாஸ்டரின் இடது கால் செருப்பு எல்லாம் அவரிடம் இருந்தன. வலது கால் செருப்பு மதுரையில் ஒருவரிடம் இருக்கிறதாம். இவருக்கு அவரும் விற்கவில்லை, அவருக்கு இவரும் விற்கவில்லை.

உரிந்த பாலிஷைப் பார்த்தார்.

"உப்புக் காத்து சார்."

"எவ்வளவு பட்டிருக்கு" என்று வசீம் அதைத் தடவினார். கண் கலங்கியது. கிர்ர் என்ற கட்டைகளைக் கேட்டார், டொக் என்ற கட்டைகளைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மெல்லத் தலையசைத்தார். பிறகு பூப்போட்ட விரிப்பை எடுத்தார். வாலின் நுனியில் வட்டமாக ஒரு தடம் கறுத்துக் கிடந்தது.

"மாஸ்டர் காபி டம்ளர் வச்ச எடம் சார்" என்றார் ஜெரால்ட். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

"டம்ளரா? பக்கெட்டு சைசுல கீது" என்றாள் ஹெப்சிபா.

வசீம் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஏழாவது வெள்ளைக் கட்டையைத் தொட்டார்.

கணீர்.

மறுபடி தொட்டார். கணீர். வெளியே கூட்ஸ் வண்டி போனது. கம்பிகள் முனகின.

"மன்னிக்கணும் சார்" என்று வசீம் எழுந்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜெரால்டுக்குத் தாங்கவில்லை. "இது அது இல்லை. உங்களை யாரோ ஏமாத்தியிருக்காங்க."

"எங்கப்பா ஏமாத்த மாட்டாரு சார்." ஜெரால்டுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அந்த சத்தம் எனக்குத் தெரியாது சார். அன்னைக்கு நான் தூங்கிட்டேன். மேடைக்கு அடியில. மெய்யாலுமே தூங்கிட்டேன். ஆனா பொட்டி அவருதுதான். இது ஒண்ணுதான் நான் கப்ஸா வுடல."

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் அழுது ஹெப்சிபா பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து நின்று, அவர் தோளில் கை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வியாகுலம்மாள் குண்டானோடு உள்ளே நுழைந்தார். "வெளியூர் ஆளு வந்துக்கீறாரு, வெறும் வயித்தோட அனுப்பினா தெருவுக்கே அசிங்கம். சூடா கீது, துன்னுட்டுப் போ சார்" என்று சொல்லி, கை கனத்ததால், குண்டானைப் பியானோவின் வால் மேலேயே இறக்கினார். ஜெரால்டுக்குத் தடுக்கவும் தெம்பில்லை.

வசீம் பையை எடுத்துக்கொண்டார். ஜெரால்ட் நின்ற வாக்கில், போகிற ஆளின் கையைத் தொடுவதுபோல, ஏழாவது கட்டையைக் கடைசியாக ஒருமுறை தொட்டார்.

கிர்ர்ர்...

வசீமின் கையிலிருந்து பை விழுந்தது. "இன்னொரு தடவை!"

கிர்ர்ர்...

"அதுதான்! அதேதான்!" வசீம் ஓடிவந்து ஜெரால்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிடுங்க சார். நீங்க சொன்னது அத்தனையும் சத்தியம். இது மாஸ்டருடைய பியானோ!"

முப்பத்தெட்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. ஜெரால்டுக்குத் தரை கொஞ்சம் மிதந்தது. டீக்கடை தெரிந்தது, அப்பா தெரிந்தார், காசிமேட்டுத் திமிங்கிலம்கூடத் தெரிந்தது. அது மறுபடியும் கண்ணடித்தது.

"மூணாவது தடவை" என்று கெஞ்சினார் வசீம்.

ஜெரால்ட் தட்டினார். கணீரென்று வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். சுண்டல் எடுத்துத் தர மூடியைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார் வியாகுலம்மாள்.

ஹெப்சிபாதான் முதலில் சுதாரித்தாள். மூடியை வாங்கிக் குண்டான் மேல் வைத்தாள். ஜெரால்ட் தட்டினார். கிர்ர். எடுத்தாள். கணீர். ஜெரால்ட் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மிதந்த தரை பழையபடி கீழே வந்தது.

"மூடியா?" என்றார் வசீம், மெல்ல. "வெறும் மூடியா?"

"வெறும் மூடியா? அம்பது வருசத்து மூடி சார் இது" என்று வியாகுலம்மாள் கோபத்தோடு குண்டானைத் தூக்கினார். தூக்கியவர் அடியில் கிடந்த வட்டத் தடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். குண்டானை அதன் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இம்மி பிசகவில்லை. "அடியே ஆத்தா! இது அந்த மேஜை இல்ல? கோயில் பின்னால, திடல்ல, கச்சேரிக்கு சுண்டல் விக்க வந்தப்ப, திரைக்கு வெளிய நீட்டிக்கினு இருந்துச்சே! யாரோ சும்மா போட்டு வச்சிக்கீறாங்கன்னு அடுப்புலேர்ந்து எறக்கின குண்டானை அதும் மேல வச்சேன். சுட்டுப்பூடுச்சி. அன்னைக்கும் இந்த மூடி இப்டியேதான் கத்திக்கினு கெடந்துது."

ஜெரால்ட் மெதுவாக எழுந்தார். "சார்" என்றார். "திரைக்கு வெளிய நீட்டிக்கினு இருந்துச்சாம் சார். கேட்டீங்களா?"

வசீம் கேட்டார். தலையசைத்தார். ஆனால் அவர் முகத்தில் வேறு ஒரு கவலை ஏறியிருந்தது. வருஷா வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்த மனிதர் ஆயிற்றே.

"அம்மா," என்றார், "நாலு தடவை மூடி கத்தினதுக்கப்புறம்... மாஸ்டர் ஒன்பது விநாடி மௌனமா இருந்தாரே. அது?"

"மௌனமோ கிவுனமோ எனக்குத் தெரியாது சார். டக்குனு வாசிக்கிறத நிறுத்திட்டு, திரைய வெலக்கிக்கினு வந்து, மூடியத் தூக்கிக் கீழ வச்சிட்டு, ஒரு கை சுண்டல அள்ளி வாயில போட்டுக்கினு திரும்பப் போயி குந்திக்கினாரு. பாவம், பசி போல கீது!"